சிங்கர் என்கிற மனுஷனும் எங்க வீட்டுப் புது மிஷினும்



நம்ம கூட்டமைப்பு மலருக்காக, வாழ்ந்து மறைந்த பிரபலமான ஒருத்தர் வாழ்க்கையை எழுதித் தரணும்னு சொன்னப்போ, மத்த குழுக்காரங்க எல்லாம் வேலு நாச்சியார், டாக்டர் முத்துலட்சுமி, அன்னை தெரசான்னு முன்கூட்டியே பேர் கொடுத்துட்டாங்க. நான் சிங்கரைப் பற்றி எழுதறேன்னு சொன்னேன். எங்க குழு ஊக்குநர் அக்கா, அது மிஷின் பேராச்சே, ஆளோட பேரான்னு கேட்டாங்க. போன வருஷம் வரைக்கும் எனக்கும் தெரியாது. இங்கிலீஷில் சிங்கர்னா பாடுறவர். மிதிக்கும்போது கடகடன்னு பாட்டு மாதிரி சத்தம் வருதே, அதனால அப்படிப் பேர் வச்சிருப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். ஆனா அது ஒரு மனுஷனோட பேர். ஐசக் மெரிட் சிங்கர். நம்ம பக்கத்தில் நிறைய வீடுகளில் மெரிட் என்று ஒரு மிஷின் இருக்கும். அதுவும் சிங்கர் கம்பெனி விற்றதுதான். இவர் பேருக்கு நடுவில் இருக்கிற அதே மெரிட்.

அவரைத் தேடிப் படிக்க எனக்குக் காரணமா இருந்தது போன தை மாசம் வீட்டுக்கு வந்த புது மிஷின். பன்னிரண்டு வருஷமா மிதி மிஷினில்தான் ஜாக்கெட், பாவாடை, சுடிதார் தைச்சுக்கிட்டிருக்கேன். பக்கத்து டவுனில் இருக்கிற கடைகளில் ஜாக்கெட் கையிலயும் முதுகிலயும் பூ போட்டுக் கொடுக்க ஆரம்பிச்சதும், நம்ம ஊர்க் கல்யாண ஜாக்கெட் எல்லாம் பஸ் ஏறிப் போயிடுச்சு. எனக்கு மிஞ்சினது ஃபால்ஸ் அடிக்கிறதும் கிழிசல் தைக்கிறதும்தான். அப்பத்தான் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷின் வாங்கணும்னு ஆசை வந்துச்சு. விலை 78,000 ரூபாய். குழுவில் 50,000 கடன், ரெண்டு ஆடு விற்ற பணம், நான் சேர்த்து வச்ச சீட்டுப் பணம் எல்லாம் சேர்த்து மதுரையில் போய் எடுத்துட்டு வந்தோம். மாசம் 2,400 ரூபாய் வீதம் 24 மாசம் கட்டணும். பஸ்ஸில் அந்தப் பெட்டியை மடியில் வச்சுக்கிட்டு வந்தேன். எங்க வீட்டுக்காரர் மேல வைக்கலாம்னு சொன்னார். நான் கொடுக்கல.

வீட்டுக்கு வந்ததும் எல்லாரும் வந்து பார்த்தாங்க. எங்க அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அவங்க சந்தோஷப்படல. தவணையாவா வாங்கினேன்னு மட்டும் கேட்டாங்க. ஆமான்னேன். போனை வச்சுட்டாங்க.

அதுக்குக் காரணம் இருக்கு. நான் நாலாவது படிக்கும்போது எங்க அம்மா ஒரு மிதி மிஷின் வாங்கினாங்க, டவுன் வியாபாரி ஒருத்தர்கிட்ட, 20 மாசத் தவணை. 14 மாசம் கட்டிட்டாங்க. அப்புறம் எங்க அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்துட்டார். மூணு மாசம் கட்ட முடியல. ஒரு நாள் காலையில் ரெண்டு பேர் வண்டியோட வந்து மிஷினைத் தூக்கிட்டாங்க. ஊசிக்கு அடியில் என் பள்ளிக்கூடப் பாவாடை பாதி தைச்சபடி இருந்துச்சு. அதில் ஒருத்தர் நூலைப் பல்லால் கடிச்சு அறுத்து, பாவாடையை மடிச்சு அம்மா கையில் கொடுத்தார். மீதியை அம்மா கையாலதான் தைச்சாங்க. அதுக்கப்புறம் அவங்க எந்த மிஷினிலும் உட்காரல.

இப்போ சிங்கர் கதைக்கு வரேன்.

ஐசக் சிங்கர் 1811 அக்டோபர் 27-ஆம் தேதி அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தார். அப்பா ஜெர்மனியில் இருந்து பிழைக்க வந்தவர். எட்டுப் பிள்ளைகளில் இவர்தான் கடைசி. சின்ன வயசிலேயே அப்பாவும் அம்மாவும் பிரிஞ்சுட்டாங்க. பன்னிரண்டு வயசு வாக்கில் வீட்டை விட்டுக் கிளம்பி அண்ணன் இருந்த ராச்செஸ்டர் நகரத்துக்குப் போயிட்டார். பள்ளிப் படிப்பு ரொம்பக் குறைவு. பட்டறைகளில் வேலை பார்த்து இரும்பு வேலை கத்துக்கிட்டார். ஆனால் மனசு முழுக்க நாடகத்தில். ஆறடிக்கு மேல உயரம், நல்ல குரல். எந்த வேலையில் இருந்தாலும் நாடகக் கம்பெனி ஊருக்கு வந்தால் வேலையைப் போட்டுட்டுப் பின்னாலேயே போயிடுவாராம். நம்ம ஊர்த் திருவிழாவுக்கு வள்ளித் திருமணம் நாடகம் வந்தா சில பேர் அப்படித்தான் கிளம்பிடுவாங்க, அந்த மாதிரி ஆள்.

1830-இல் மரியா என்ற பதினஞ்சு வயசுப் பெண்ணைக் கல்யாணம் பண்ணினார். ரெண்டு பிள்ளைகள். 1836-இல் நாடகத்துக்காகப் பால்டிமோர் போன இடத்தில் மேரி ஆன் என்ற பெண்ணிடம், தான் கல்யாணம் ஆனவர் என்பதைச் சொல்லாமலே கட்டிக்கிறேன்னு வாக்குக் கொடுத்தார். அந்தப் பெண் அவரை நம்பி நியூயார்க்குக்கு வந்த பிறகுதான் உண்மை தெரிஞ்சது. அப்போ வயிற்றில் பிள்ளை. எங்கே போவாள்? அவர்கூடவே இருந்துட்டாள். பத்துப் பிள்ளை பெத்தாள். இந்த மேரி ஆன் கதையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வச்சுக்கோங்க, பின்னால வரும்.

1839-இல் இல்லினாய்ஸ் என்ற இடத்தில் கால்வாய் வெட்டும் வேலைக்குப் போனவர், பாறையில் துளை போட ஒரு கருவி செய்தார். அதன் உரிமையை 2,000 டாலருக்கு விற்றார். அந்தக் காலத்தில் அது பெரிய பணம். வேற யாராவது இருந்தா நிலம் வாங்கிப் போட்டிருப்பாங்க. இவர் சொந்த நாடகக் குழு ஆரம்பிச்சார். மேரி ஆனும் மேடை ஏறி நடிச்சாள். வண்டியில் பிள்ளைகுட்டியோட ஊர் ஊராகச் சுத்தினாங்க. கடைசியில் ஒஹாயோவில் ஒரு சின்ன ஊரில் கையில் காசில்லாமல் நின்னாங்க.

அப்புறம் அச்சுக்கூடத்துக்கு மர எழுத்து செதுக்கும் ஒரு மிஷின் செய்து 1849-இல் அதுக்குக் காப்புரிமை வாங்கினார். நியூயார்க்கில் ஒரு பட்டறையில் அதை வச்சிருந்தப்போ 1850 பிப்ரவரியில் பாய்லர் வெடிச்சு அறுபதுக்கும் மேற்பட்டவங்க செத்துப் போனாங்க. சிங்கர் தப்பிச்சார், மிஷின் தூள் தூளாயிடுச்சு. அப்போ அவருக்கு வயசு 38. ஜார்ஜ் ஜீபர் என்ற புத்தக வியாபாரி அவரை நம்பிப் பணம் போட்டு மறுபடியும் மிஷின் செய்ய வச்சு, பாஸ்டன் நகரத்தில் ஆர்சன் ஃபெல்ப்ஸ் என்பவர் பட்டறையில் ஒரு அறை பிடிச்சுக் கொடுத்தார். மர எழுத்து மிஷினை வாங்க ஒருத்தரும் வரல.

ஆனால் அதே பட்டறையில் வேற ஒரு வேலை நடந்துச்சு. தையல் மிஷின் ரிப்பேர். அப்பவே தையல் மிஷின் இருந்துச்சு, ஆனா எதுவும் ஒழுங்கா ஓடாது. சிங்கர்தான் தையல் மிஷினையே கண்டுபிடிச்சவர்னு பல பேர் சொல்றாங்க, அது சரியில்ல. பிரான்ஸில் திமோனியே என்ற தையல்காரர் 1830-இலேயே காப்புரிமை வாங்கி, பாரீஸில் 80 மிஷின் வச்சு ராணுவத்துக்குச் சீருடை தைச்சார். எங்க பிழைப்பு போயிடும்னு மத்த தையல்காரங்க கூட்டமா வந்து எல்லாத்தையும் அடிச்சு நொறுக்கிட்டாங்க. அமெரிக்காவில் வால்டர் ஹன்ட் என்பவர் அதே காலத்தில் மேல் நூல், கீழ் நூல் ரெண்டையும் வச்சுத் தைக்கும் மிஷின் செய்தும், கையால் தைச்சுப் பிழைக்கிற ஏழைப் பெண்கள் வேலை போயிடுமேன்னு வீட்டில் பேச்சு வந்ததால் காப்புரிமை வாங்காமல் விட்டுட்டார். எலியாஸ் ஹோவ் என்பவர் 1846-இல் காப்புரிமை வாங்கினார். ஊசி முனையிலேயே கண் வச்சது அவர் மிஷின். கையால் தைக்கிற ஊசிக்குக் கண் மேல இருக்கும், மிஷின் ஊசிக்குக் கண் கீழே இருக்கும் இல்லையா, அந்த மாற்றம்தான் எல்லாத்துக்கும் அடிப்படை. ஆனால் ஹோவ் மிஷினில் துணியை முள்ளில் மாட்டி நிறுத்தணும். வளைஞ்ச ஊசி பக்கவாட்டில் குத்தும். கொஞ்ச தூரம் தைச்சதும் நிறுத்தி, கழற்றி, மறுபடியும் மாட்டணும். கழுத்து வளைவோ கை வளைவோ அதில் தைக்கவே முடியாது.

ஃபெல்ப்ஸ், ஜீபர் ரெண்டு பேரும் இந்தத் தையல் மிஷினைச் சரி பண்ணிக் கொடேன்னு கேட்டப்போ, சிங்கருக்கு அது கேவலமாப் பட்டுச்சு. பெண்கள் வாயை மூடிக்கிட்டு இருக்கிறதே தைக்கும்போது மட்டும்தான், அதையும் பிடுங்கப் பார்க்கிறீங்களான்னு கிண்டல் பண்ணினாராம். படிச்சப்போ எனக்குக் கோபம் வந்துச்சு. வாயில் குண்டூசி கடிச்சுக்கிட்டுத் தைக்கிறவளுக்குத்தான் தெரியும் ஏன் பேசலைன்னு. பணம் வரும்னு தெரிஞ்சதும்தான் அவர் வேலையில் இறங்கினார்.

இறங்கின பிறகு பேய் மாதிரி உழைச்சார், அதையும் சொல்லணும். ஜீபர் கொடுத்தது 40 டாலர். பதினோரு நாளில் புது மிஷின் செய்தார். ராத்திரி பகல் தூக்கமில்லை, ஒரு வேளைச் சாப்பாடு. ஊசியை நேரா நிமிர்த்தி மேலும் கீழும் ஓட வச்சார். துணி வைக்க மேசைப் பலகை வச்சார். துணியை அமுக்கிப் பிடிக்க ஒரு கால், அடியில் இருந்து துணியைத் தள்ளிவிட ஒரு சக்கரம். அந்தச் சக்கரத்தைத் தவிர மத்ததெல்லாம் நம்ம மிஷினில் இன்னைக்கும் இருக்கு, போய்ப் பாருங்க. பதினோராவது நாள் எல்லாத்தையும் பூட்டி ஓட்டிப் பார்த்தால், தையல் பிடிக்கவே இல்ல. மறுபடி மறுபடி முயற்சி பண்ணியும் நூல் தொளதொளன்னு நிக்குது. கூட இருந்த வேலைக்காரங்க ஒவ்வொருத்தரா வெறுத்துப் போயிட்டாங்க. சிங்கரும் ஜீபரும் நடுராத்திரியில் மனசு உடைஞ்சு தங்குற இடத்துக்கு நடந்தாங்க. வழியில் ஒரு பலகைக் குவியல் மேல உட்கார்ந்தாங்க. அப்போ ஜீபர், துணிக்கு மேல்பக்கம் நூல் வளையம் வளையமா நின்னதைக் கவனிச்சீங்களான்னு கேட்டார். சிங்கருக்குப் பளிச்சுனு தட்டுச்சு. ஊசி நூலுக்கு டென்ஷன் வைக்க மறந்துட்டார். ரெண்டு பேரும் திரும்பி ஓடினாங்க. டென்ஷனைச் சரி பண்ணி ஓட்டினதும் ஒழுங்கா அஞ்சு தையல் விழுந்துச்சு. அதோட நூல் அறுந்து போச்சு. ஆனா அந்த அஞ்சு தையல் போதும்னு ஆயிடுச்சு.

இதை நான் படிச்சது எந்த நிலைமையில் தெரியுமா? என் புது மிஷின் வந்த நாலாவது நாள் ராத்திரி.

மிஷின் கொடுத்தவங்க ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்துட்டு அனுப்பிட்டாங்க. வீட்டுக்கு வந்து பார்த்தா ஒண்ணும் ஞாபகம் இல்ல. தொடுதிரை, அதில் படம் படமா இருக்கு. தொடவே பயம், 78,000 ரூபாய் ஆச்சே. மூணு நாள் மேல சேலைத் துணியைப் போத்தி வச்சுட்டு, ஒரு ஊதுபத்தி மட்டும் ஏத்தினேன். என் மகதான் ஒன்பதாவது படிக்கிறா, அவ ஒவ்வொண்ணா அமுக்கிக் காட்டினா. நாலாவது நாள் துணிய வளையத்தில் மாட்டி, அடியில் கேன்வாஸ் பேப்பர் வச்சு, ஒரு மாம்பூ டிசைனைத் தேர்ந்தெடுத்துப் பட்டனை அமுக்கினேன். பத்துக் குத்து குத்திச்சு. அப்புறம் கடக்குனு சத்தம், நின்னுடுச்சு. துணியைத் தூக்கிப் பார்த்தா அடியில் குருவிக் கூடு மாதிரி நூல் சுருண்டு கிடக்குது. அறுத்து எடுத்து மறுபடியும் போட்டேன், மறுபடியும் கூடு. பாபினை மாத்தினேன். ஊசியை மாத்தினேன், அந்த ஊசியும் உடைஞ்சுது. கீழே கூடு கட்டுதுன்னா கீழ் நூலில்தான் கோளாறுன்னு நெனச்சுப் பாபின் கேஸையே நோண்டிக்கிட்டிருந்தேன். மிஷின் கொடுத்தவங்களுக்குப் போன் போட்டா எடுக்கல. எங்க அத்தை வாசப்படியில் உட்கார்ந்து, மிதி மிஷின் இந்த மாதிரி எல்லாம் பண்ணலையேன்னு சொன்னாங்க. ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு அழுகையே வந்துடுச்சு. அடுத்த மாசத் தவணைத் தேதி கண்ணு முன்னாடி நிக்குது. அம்மா சொன்ன மாதிரி ஆயிடுமோன்னு நெனைப்பு.

அப்போ மக போனில் சிங்கர் கதையைத் தேடி எடுத்து, பலகைக் குவியலில் உட்கார்ந்த இடத்தைப் படிச்சுக் காட்டினா. அவருக்கு மேல்பக்கம் வளையம், எனக்கு அடிப்பக்கம். டென்ஷன் நம்பரை மாத்தி மாத்திப் பார்த்தேன். சரியாகல. விடிஞ்சதும் மனசு கேட்காம அம்மாவுக்கே போன் பண்ணினேன். இருபத்தி ஏழு வருஷமா மிஷினைத் தொடாதவங்க, ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. நூல் கோக்கும்போது காலைத் தூக்கி வச்சியா? பிரஷர் காலைத்தான் சொன்னாங்க. நான் காலைக் கீழே இறக்கி வச்சுட்டே கோத்திருந்தேன். கால் இறங்கி இருந்தால் டென்ஷன் தட்டு ரெண்டும் இறுக்கமா மூடிக்கும், நூல் நடுவில் போய் உட்காராது, மேலாகவே நிக்கும். அப்போ எத்தனை நம்பர் வச்சாலும் பிடிமானம் இருக்காது. மேல் நூல் தொளதொளன்னு இறங்கி அடியில் கூடு கட்டிடும். மிதி மிஷினில் இது எனக்குக் கைப்பழக்கமா வந்துடும், யோசிக்கவே வேண்டாம். திரையைப் பார்த்துக்கிட்டே கோத்ததில் பழக்கம் மறந்து போச்சு. காலைத் தூக்கினேன், நூலைக் கோத்தேன், காலை இறக்கினேன், பட்டனை அமுக்கினேன். மாம்பூ முழுசா விழுந்துச்சு. 14 நிமிஷம். நானும் மகளும் அதைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தோம், அடுப்பில் பால் பொங்கிப் போனதுகூடத் தெரியல.

சிங்கர் 1851 ஆகஸ்ட் 12-ஆம் தேதி காப்புரிமை வாங்கினார். விலை 125 டாலர். அங்கே ஒரு குடும்பத்துக்கு ஒரு வருஷம் முழுக்க வர்ற வருமானமே சுமார் 500 டாலர்தான்னு சொல்றாங்க. பெண்களுக்கு மிஷின் ஓட்ட வராதுன்னு ஊரெல்லாம் பேச்சு. அதுக்காக நியூயார்க் கடை ஜன்னலில் பெண்களையே உட்கார வச்சுத் தைக்க விட்டார். நாடகக்காரர் ஆச்சே, கூட்டத்தை எப்படிச் சேர்க்கிறதுன்னு தெரியும். ஜனங்க நின்னு வேடிக்கை பார்த்தாங்க. ஒரு ஆண் சட்டையைக் கையால் தைக்க 14 மணி நேரத்துக்கு மேல ஆகுது, மிஷினில் ஒண்ணேகால் மணி நேரம்தான்னு இன்னொரு மிஷின் கம்பெனி அப்போ கணக்குப் போட்டுக் காட்டுச்சு. அந்த 13 மணி நேரம் ஒரு பொம்பளைக்கு என்னன்னு நமக்குத் தெரியும்.

பணம் வர ஆரம்பிச்சதும் சிங்கர் கூட்டாளிகளைக் கழற்றி விட்டார். ஃபெல்ப்ஸ் பங்கை வாங்கிக்கிட்டார். 40 டாலர் கொடுத்து, பலகை மேல உட்கார்ந்து அந்தக் கேள்வியைக் கேட்ட ஜீபர் காய்ச்சலில் படுத்திருந்தப்போ, நீ பிழைக்க மாட்டேன்னு டாக்டர் சொல்றார், பங்கை எழுதிக் கொடுத்துடுன்னு சொல்லி 6,000 டாலருக்கு வாங்கிட்டார். ஜீபர் பிழைச்சுக்கிட்டார். பங்கு போனது போனதுதான். கடைசியில் நிலைச்ச ஒரே கூட்டாளி எட்வர்ட் கிளார்க் என்ற வக்கீல். ஹோவ் கோர்ட்டில் கேஸ் போட்டு ஜெயிச்சதும் 1854-இல் அவருக்கு 15,000 டாலர் கொடுக்க வேண்டி வந்துச்சு. 1856-இல் நாலு தரப்பும் சண்டையை விட்டுட்டுக் காப்புரிமைகளை ஒண்ணா சேர்த்துக்கிட்டாங்க.

இந்த இடத்தில் ஒண்ணு சொல்லணும். மிஷின்களை அவ்வளவா ஏத்துக்காத காந்தியடிகள், சிங்கர் தையல் மிஷினுக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைச்சுக் கஷ்டப்படுறதைப் பார்த்து, அன்பினால் சிங்கர் இதைச் செய்தார்னு அவர் நம்பினார். காந்தி சொன்னதால் எனக்கும் அப்படியே இருக்கணும்னு ஆசைதான். ஆனா சிங்கர் வீட்டில் அந்தக் கதை இல்ல. மனைவி பக்கத்து வீட்டுத் துணி தைச்சுக் குடும்பத்தைக் காப்பாத்தினது ஹோவ் வீட்டில். ராத்திரி ராத்திரியா அந்தம்மா தைச்சதைப் பார்த்துக்கிட்டிருந்தவர் அவர். மிஷினுக்குப் பணம் வர்றதுக்கு முன்னாடியே அந்தம்மா காசநோயில் இறந்துட்டாங்க.

நம்ம எல்லாருக்கும் சம்பந்தப்பட்ட விஷயம் 1856-இல்தான் நடந்துச்சு. முழுப் பணம் கொடுத்து வாங்க முடியாத குடும்பம் என்ன பண்ணும்னு கிளார்க் யோசிச்சார். கொஞ்சம் முன்பணம் கட்டி மிஷினை வீட்டுக்கு எடுத்துட்டுப் போ, மிச்சத்தை மாசாமாசம் வாடகை மாதிரிக் கட்டு, கட்டி முடிச்சதும் மிஷின் உன்னுது. முந்தின வருஷம் 883 மிஷின் விற்ற கம்பெனி அந்த வருஷம் 2,564 விற்றுச்சு. இன்னைக்கு டிவி, வண்டி, போன்னு நாம தவணையில் வாங்குற பழக்கம் உலகம் பூரா பரவினதில் இந்தத் தையல் மிஷினுக்குப் பெரிய பங்கு இருக்கு. கடைசித் தவணை வரைக்கும் மிஷின் கம்பெனியோடது; நடுவில் தவறினால் தூக்கிட்டுப் போகலாம். எங்க அம்மா வாசலில் நின்ன வண்டி அங்கே இருந்து கிளம்பினதுதான்னு படிச்சப்போ புரிஞ்சுது. குழுக் கடனில் அந்த வண்டி இல்ல. மூணாவது மாசம் எனக்கு ஆர்டர் வராமல் 900 ரூபாய் குறைஞ்சப்போ, கூட்டத்தில் எழுந்து சொல்லவே கூசினேன். ஊக்குநர் அக்கா திட்டினாங்க, முன்னாடியே சொல்லக் கூடாதான்னு. அப்புறம் பக்கத்துத் தெருக்காரங்க தங்கச்சி கல்யாணத்துக்கு ஆறு ஜாக்கெட் பூவேலையை அங்கேயே பேசி வாங்கிக் கொடுத்தாங்க.

சிங்கருக்குப் பணம் கொட்டுச்சு. நியூயார்க்கில் பெரிய தெருவில் வீடு, குதிரை வண்டிகள். மேரி ஆன் நாடக வண்டியில் கஷ்டப்பட்ட காலம் போய், ஊரார் முன்னால் திருமதி சிங்கர்னு இருந்தாள். 1860-இல் அவர் முதல் மனைவி மரியாவை ரத்து பண்ணினார். மேரி ஆன் இப்பவாவது கட்டிக்குவார்னு பார்த்தாள். கட்டிக்கல. அந்த ஆகஸ்ட் மாசம் அவள் தெருவில் வண்டியில் போகும்போது, எதிரில் சிங்கர் வேற பெண்ணோட வண்டியில் வர்றதைப் பார்த்துச் சத்தம் போட்டாள். வீட்டுக்கு வந்து அவளையும், தடுக்க வந்த மகளையும் மயங்கி விழும்படி அடிச்சார். அவள் பயப்படாமல் புகார் கொடுத்துக் கைது பண்ண வச்சாள். அப்பத்தான் வெளியே வந்துச்சு, அதே நகரத்தில் வேற வேற பேரில் இன்னும் ரெண்டு குடும்பம், அங்கேயும் பிள்ளைகள். சிங்கர் இங்கிலாந்துக்கு ஓடிட்டார். அப்புறம் பாரீஸ் பெண் இசபெல்லாவை 1863-இல் கல்யாணம் பண்ணினார். அந்த வருஷமே கம்பெனியை முறைப்படி பதிவு பண்ணி, நிர்வாகத்தில் இருந்து சிங்கர் ஒதுங்கிக்கிட்டார்.

மொத்தம் 24 பிள்ளைகள். கடைசிக் காலத்தில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பெயின்டன் என்ற கடற்கரை ஊரில் அரண்மனை மாதிரி வீடு கட்ட ஆரம்பிச்சார். கட்டி முடியறதுக்குள்ள 1875 ஜூலை 23-ஆம் தேதி இறந்துட்டார். விட்டுட்டுப் போன சொத்து 1 கோடியே 30 லட்சம் டாலருக்குக் குறையாது. உயிலில் முதல் மனைவியின் மகன் வில்லியமுக்கு வெறும் 500 டாலர். காரணம், விவாகரத்து வழக்கில் அவன் அம்மா பக்கம் நின்னான். மேரி ஆன் தான்தான் மனைவின்னு கோர்ட்டுக்குப் போனாள், ஜெயிக்கல. பத்துப் பிள்ளை, நாடக வண்டி, பட்டினி எல்லாம் பார்த்தவள். சிங்கர் பேர் உலகம் பூரா வீட்டுக்கு வீடு இருக்கு, அவள் பேர் எங்கேயும் இல்ல. அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

அவர் இறந்து பத்து வருஷத்துக்கு அப்புறம் ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் என்ற ஊரில் கம்பெனி பெரிய தொழிற்சாலை கட்டுச்சு. நம்ம பாட்டிமார் காலத்துக் கறுப்பு மிஷின்கள், தங்கக் கலரில் பூப் போட்டிருக்குமே, அதில் நிறைய அங்கே இருந்து கப்பலில் வந்தவைதான். எங்க அத்தை வீட்டு மச்சில் ஒண்ணு இருக்கு. போன மாசம் தூசி தட்டி எண்ணெய் விட்டேன், இன்னும் ஓடுது.

நான் இதுவரைக்கும் ஏழு தவணை கட்டிட்டேன். பக்கத்துப் பள்ளிக்கூடத்துச் சீருடைப் பாக்கெட்டில் பேர் போடுற வேலை வந்திருக்கு, 240 சட்டை. போன ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்திருந்தாங்க. மிஷின் பக்கமே பார்க்காம அடுப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ஞ்சாங்க. மத்தியானம் நான் தண்ணி எடுக்கப் போயிட்டு வந்து பார்த்தா, மிஷின் முன்னாடி ஸ்டூலில் உட்கார்ந்திருக்காங்க. மிதி எங்கேன்னு காலால தேடுறாங்க. இல்லேன்னதும் சிரிச்சாங்க. அப்புறம் யாரும் சொல்லாமலே பிரஷர் காலைத் தூக்கினாங்க, நூல் நுனியை நாக்கில் நனைச்சாங்க, கோக்க ஆரம்பிச்சாங்க.